காதில் விழுந்தது மட்டும்

டிசம்பர் 21, ஞாயிறு

எழுதித் தொலைத்தால்தான் இந்த எரிச்சல் அடங்கும். இன்று ஹாம் ரேடியோ கிளப்பின் மாதக் கூட்டம், வீட்டிலிருந்தே ரேடியோவில் நாடு நாடாகப் பேசுகிற எங்கள் கூட்டம். போண்டா ஆறிப்போயிருந்தது, மைக் கரகரத்தது, அதெல்லாம் வழக்கம். கூட்டம் முடிகிற நேரத்தில் கிணத்துக்கடவு திருமூர்த்தி எழுந்து நின்றார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கிளப்பில் சேர்ந்து நான்கு வருடம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமை விடிகாலை சிலி நாட்டுக்காரர் ஒருவரோடு பேசினேன், நாற்பது மீட்டர் அலைவரிசை, மோர்ஸ் தந்திக் குறி, ஐந்து வாட் என்றார். சொல்லிவிட்டு, சந்தையில் தேங்காய் போட்டுவிட்டு வந்தவர் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

பதினாறாயிரம் கிலோமீட்டர். வீட்டில் ராத்திரி எரிய விடுகிறோமே ஜீரோ வாட் பல்பு, அதுவே பதினைந்து வாட் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு கடல் தாண்டுவதுதான் எங்களைப் போன்ற குறைந்த சக்திக்காரர்களின் கிறுக்கு. எங்களை யாரும் மீட்டர் வைத்துச் சோதிப்பதில்லை. எல்லாம் நாணயத்தின் பேரில் நடக்கிறது. ஐந்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பேசியதைப் பதிகிற லாக் புத்தகத்தில் காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

வருடத்தில் அதிக தூரம் எட்டியவருக்குக் கிளப்பில் ஒரு கோப்பை உண்டு. ஆறு வருடமாக அது எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இந்த வருடமும் அக்டோபரில் ஃபின்லாந்தைப் பிடித்தேன், ஏழாயிரம் கிலோமீட்டர். ஆனால் என் கோபம் கோப்பைக்காக இல்லை. அதே வெள்ளிக்கிழமை, அதே அலைவரிசையில், ஆறு மணியிலிருந்து முக்கால் மணி நேரம் நானும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரைச்சலைத் தவிர ஒன்றுமே இல்லை. பம்ப் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள் நான். பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று ஓடுகிற சத்தத்தை வைத்தே சொல்வேன். எனக்குக் கேட்காதது அவருக்கு எப்படிக் கேட்டது?

டீ குடிக்கும்போது நேராகவே கேட்டேன்.

"கேக்கறதுக்கு மட்டும் தனிக் கம்பிங்கக்கா. நூத்தம்பது மீட்டரு. வேலி ஓரமா தென்னைமரத்துல ஆளுயரத்துக்குக் கட்டியிருக்கேனுங்க."

"உசரமே இல்லாமயா?"

"உசரமா இருந்தா ஊரு இரைச்சலையும் சேர்த்து அள்ளிட்டு வருதுங்க. இது போற திக்குல இருந்து வர்றத மட்டும் எடுக்குது. சத்தம் பொடுசுதான், ஆனா தெளிவா இருக்குதுங்க."

அனுப்ப ஒரு ஆன்டெனா, கேட்க ஒரு ஆன்டெனா என்பது புத்தகத்தில் உள்ளதுதான், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் துணி காயப்போடுகிற உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டு சிலி கேட்டது என்றால் நம்புவதற்கு நான் என்ன கூட்டத்துக்குப் புதிதா? இப்போது இன்டர்நெட்டில் எந்த நாட்டு ரிசீவரை வேண்டுமானாலும் செல்போனில் திறந்து கேட்கலாம். தென் அமெரிக்காவில் இருக்கும் ரிசீவர் வழியாகக் கேட்டுவிட்டு, இங்கே தோப்பில் கேட்ட மாதிரி எழுதிக்கொள்கிறார்கள். அதைத்தான் திருமூர்த்தியும் செய்திருக்கிறார். வேறு வழியே இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

பிள்ளையார் கோயிலில் இந்த மார்கழிக்கு ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். மற்ற வருடங்களில் நாலரை மணிக்கே தூக்கிப் போடும். இந்த வருடம் வீட்டுக்காரர் வந்து தோளைத் தட்டினால்தான் எழுகிறேன். கோயில் கமிட்டிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று இவரிடம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கம்மி பண்ணியிருக்காங்களா?" என்றார்.

"பின்னே இல்லியா?" என்றேன். இவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு மாடிப்படியில் எல்இடி விளக்கு வரிசை போட்டிருக்கிறார்கள். அதுதான் என் ரேடியோவில் இரைச்சலைக் கொட்டுகிறது. போய்ச் சண்டை போட்டேன். பாவம், நல்ல மாதிரி, விடிகாலையில் அணைத்துவிட்டார்கள். அப்படியும் இரைச்சல் குறையவில்லை. வேறு யார் வீட்டிலிருந்து வருகிறதோ.

டிசம்பர் 26, வெள்ளி

திருமூர்த்தி மேல் கிளப் கமிட்டிக்குப் புகார் எழுதி அனுப்பிவிட்டேன். வளவளவென்று இல்லாமல் ஒரு பக்கம். "திரு. திருமூர்த்தி அவர்கள் தம் காதால் கேட்காத நிலையத்தைக் கேட்டதாகப் பதிவு செய்திருக்கிறார் என்று நம்ப இடமிருக்கிறது. கோப்பைப் போட்டியிலிருந்து அவர் பதிவை நீக்கக் கோருகிறேன்." கீழே பெயர், வசந்தாமணி, ரேடியோவில் என்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி, கையெழுத்து.

கிளப் செயலாளர் லோகநாதன் போனில் வந்தார். "அக்கா, எழுத்துல வேண்டாமே. வாயில சொன்னா நாங்க பேசிக்க மாட்டமா?"

வாயில் சொன்னால் மூடி மறைப்பார்கள் என்று தெரிந்துதான் எழுத்தில் கொடுத்தேன். தப்புக்கு முன்னால் வாய் மூடி இருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது.

டிசம்பர் 29, திங்கள்

ஃபின்லாந்துக்காரரிடமிருந்து மெயில். அக்டோபர் தொடர்புக்கு அத்தாட்சி அட்டை கேட்டிருந்தேன். தன் லாக் புத்தகத்தில் என் அழைப்புக்குறி இல்லையாம். அந்த நிமிடத்தில் அவர் பேசியது ஒரு இத்தாலிக்காரரோடாம். மன்னிக்க வேண்டுமாம்.

எப்படி இருக்கிறது பாருங்கள். அவர் ஒழுங்காக எழுதாததற்கு நான் மன்னிக்க வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. முதல் எழுத்து நன்றாகவே விழுந்தது, மற்றவை இரைச்சலில் வந்தன. அவர் யார் என்பதைக்கூட இன்டர்நெட் பட்டியலில் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் எழுதினேன். யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று உலகத்தில் எல்லாரும் போட்டுவைக்கிற பட்டியல் அது. அதைப் பார்ப்பது தப்பில்லை. எல்லாரும் பார்ப்பதுதான்.

மெயிலை இவரிடம் காட்டவில்லை.

ஜனவரி 1, வியாழன்

புதுவருடம். ஏழு பேர் போன் செய்தார்களாம், ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லையாம். இந்தப் போன் சரியில்லை, மாற்ற வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

கேட்பதற்கென்று நானும் ஒரு ஆன்டெனா செய்தேன். செம்புக் குழாயை ஒரு மீட்டர் அகலத்துக்கு வட்டமாக வளைத்து, மூங்கிலில் கட்டி, மொட்டை மாடியில் நிறுத்தினேன். இதைத் திருப்பத் திருப்ப ஒரு திக்கில் இரைச்சல் விழுந்துவிடும். மீட்டரில் முள் நன்றாகவே இறங்கியது. ஆனால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மோர்ஸ் ஒலியின் சுருதியை மாற்றுகிற குமிழை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினேன். வருடா வருடம் சிறுகச் சிறுக இறக்கித்தான் வருகிறேன். கீழ்ச்சுருதிதான் காதுக்கு இதம்.

மூங்கிலைப் பிடிக்க வந்த இவர் சும்மா இருக்காமல் ஹெட்போனை எடுத்து மாட்டிப் பார்த்தார்.

"பொடுசா ஏதோ பீப் பீப்னு கேக்குதே மணி" என்றார்.

ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கும். பிடுங்கி வைத்தேன்.

ஜனவரி 7, புதன்

திருமூர்த்தியிடமிருந்து பதில் வந்திருக்கிறது. கிளப் கமிட்டி மூலமாக இல்லை, நேராக எனக்கே போனில் பேசினார். கோபமாகப் பேசுவார் என்று தயாராக இருந்தேன்.

"என்ற தோப்புக்கே வாங்கக்கா. இங்க டவரே ஒழுங்கா எடுக்காது, இன்டர்நெட்டுக்கு நான் எங்க போறது? விடிகாலைல எல்லாரும் ஒக்காந்து கேப்போம். உங்க காதுல விழுந்துச்சுன்னா ஒத்துக்கங்க. விழுகலைன்னா நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேனுங்க."

இதைக்கூட இரண்டு முறை சொல்ல வைத்தேன். லைன் சரியில்லை.

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சக்தி மீட்டரை என் கையாலேயே எடுத்துப்போகிறேன். அளந்து பார்க்காமல் நான் எதையும் நம்பியதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். தோப்புக்குள் ஓடு வேய்ந்த சாளை வீடு, ஒரு மர மேஜை, சின்ன ரேடியோ, ஒரு பேட்டரி. வேலி ஓரமாகக் கம்பி போவதைக் கடைசி வரை நடந்து பார்த்தேன். தென்மேற்காகத்தான் போகிறது. முனையில் ஒரு ரெசிஸ்டரும், மண்ணில் அடித்த இரும்புக் கம்பியும் இருந்தன. கேட்பதற்கு அது, அனுப்புவதற்கு உயரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே வேறொன்று. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

லோகநாதனும் கமிட்டி உறுப்பினர் அப்துல் கரீமும் வந்திருந்தார்கள். கரீம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர், ஆள் அமைதி. எல்லார் செல்போனையும் வாங்கி வெளியே என் வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். ரேடியோ ஒலியை நான்காகப் பிரிக்கிற ஒரு சின்னப் பெட்டியிலிருந்து நான்கு ஹெட்போன். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பென்சில். யாரும் பேசக் கூடாது. கேட்பதை எழுத வேண்டும்.

ஆறு பத்துக்கு ஆரம்பித்தோம். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கரீம் ஹெட்போனைக் கழற்றி ஒரு காதைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். லோகநாதன் முகம் சுளித்தார். சுருதிக் குமிழைக் கீழே இறக்கினேன். யாரும் தடுக்கவில்லை.

ஆறு இருபத்திரண்டு. கரீமின் பென்சில் நகர்ந்தது. அடுத்த நொடி லோகநாதனின் பென்சிலும் நகர்ந்தது. இரண்டு பேரும் குனிந்து எழுதுகிறார்கள். எனக்கு அப்பளம்தான் பொரிகிறது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

திருமூர்த்தி எழுதாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்குதுங்களா?" என்று வாயசைத்தார்.

"வருது" என்றேன்.

அவர் மோர்ஸ் சாவியை எடுத்துக் கூப்பிட்டார். மீட்டரைப் பார்த்தேன், நாலே முக்கால் வாட். அவர் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் எழுதினார்கள். கரீம் சிரித்தார். அர்ஜென்டினாவாம். நம் ஊர் தென்னந்தோப்பிலிருந்து அர்ஜென்டினா. அந்தச் சிரிப்போடு என் பக்கம் திரும்பியவர், என் தாளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலியைப் பார்த்தார்.

நானும் எழுதினேன். அந்த அர்ஜென்டினாக்காரர் அழைப்புக்குறியில் எல், யு என்று முதல் இரண்டு எழுத்து. அதற்குள் பென்சில் முனை உடைந்துவிட்டது.

தாள்களை லோகநாதன் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திருமூர்த்தியின் மனைவி காப்பி கொண்டுவந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை. கேட்டது என்றால் கேட்டது, கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று பேச வேண்டியதுதானே.

ஜனவரி 12, திங்கள்

தோசை மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

அந்த ஹெட்போன்தான் கோளாறு. நான்காகப் பிரிக்கிற பெட்டியில் ஒரு வழி மட்டும் வீக்காக இருப்பது சகஜம். நான் கூட்டியும் எனக்கு வரவில்லை, மற்றவர்களுக்குக் காது வலித்தது என்றால் வேறென்ன அர்த்தம். என் சொந்த ஹெட்போனை எடுத்துப்போயிருக்க வேண்டும். இதை லோகநாதனுக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பொங்கல் பொங்கியது. இவர் சொல்லித்தான் திரும்பிப் பார்த்தேன்.

மத்தியானம் கிளப் வாட்ஸ்அப் குழுவில் கமிட்டியின் முடிவைப் போட்டிருந்தார்கள். "11ஆம் தேதி நடந்த சோதனையின்போது சிக்னல் மங்கியதால் எவராலும் நிலையத்தைத் தெளிவாகக் கேட்க இயலவில்லை. எனவே புகார் குறித்து முடிவெடுக்க முடியவில்லை. இவ்வாண்டு கோப்பை எவருக்கும் வழங்கப்படாது. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்."

கீழே நாற்பது பேர் கரும்பும் பானையும் போட்டிருந்தார்கள். நடுவில் ஒருவர், "தேங்கா வித்த காசுல நல்ல டேட்டா பேக் போட்டிருப்பாரோ" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி. அதற்குப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: திருமூர்த்தி வெளியேறினார்.

எவராலும் கேட்க இயலவில்லையா? மூன்று பென்சில் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். உடனே லோகநாதனைக் கூப்பிட்டேன். இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொடுத்தார்.

"ஏனுங்க லோகு, உங்க தாள்ல முழுசா எழுதியிருந்தீங்களே. கரீம் பாய் எழுதலியா? எதுக்கு இந்தப் பொய்?"

 அவர் மெதுவாக ஆரம்பித்து, பிறகு சத்தமாகச் சொன்னார். "அக்கா, மூணு பேருக்குக் கேட்டுச்சுன்னு எழுதினா, உங்களுக்குக் கேக்கலைன்னு தானே அர்த்தம்? அதான் யாருக்குமே கேக்கலைன்னு எழுதிட்டோம். எத்தனை வருசமா கிளப்புல இருக்கறீங்க. உங்களை நாங்க விட்டுக்கொடுப்பமா?"

போனை வைத்துவிட்டேன்.  நான் இவர்களிடம் இதைக் கேட்டேனா?

ஜனவரி 17, சனி

அந்தப் போனுக்குப் பிறகு இரண்டு நாளாக இவரோடு பேசவில்லை. இன்று நானே ஆரம்பித்தேன். குழுவில் போட்டது அநியாயம், பச்சைப் பொய், அந்த மனுஷனைச் சந்தேகத்திலேயே தொங்கவிட்டுவிட்டார்கள் என்று கத்தினேன்.

"உன்ற மரியாதையக் காப்பாத்தத்தானே மணி அப்படி எழுதினாங்க" என்றார்.

"எனக்கு மரியாதை வேணும்னா அவரு திருடனாகோணுமா?"

"புகார் குடுத்தது நீதானே."

 இவர் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். மார்கழி ஸ்பீக்கர் இந்த வருடம் முன்னைவிட அதிகம் என்றார். அந்தச் சத்தத்துக்காக எதிர்வீட்டுக்காரர்கள் போலீஸில் சொல்லலாமா என்று யோசித்தார்களாம். போன் சரியாகத்தான் அடிக்கிறதாம். இரண்டு வருடமாகத் தெரியுமாம். சொன்னால் எகிறுவேன் என்று பயந்து, தான் சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டதாகச் சொன்னார். வீட்டில் இவர் மட்டும் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று நான் பல தடவை திட்டியிருக்கிறேன்.

இரண்டு வருடம். இவருக்கும் தெரியும், லோகநாதனுக்கும் தெரியும், கரீமுக்கும் தெரியும். எல்லாரும் சேர்ந்து என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். இவர்கள் மேல் வந்த கோபத்தை எழுத இந்த நோட்டில் பக்கம் போதாது.

ஆனாலும் எழுத வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பென்சில் முனை உடையவில்லை. அந்த இரண்டு எழுத்தும் எனக்குக் கேட்கவில்லை. கரீமின் தாள் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பார்த்து எழுதினேன். மூன்றாவது எழுத்து எழுதும்போது அவர் கவனித்துவிட்டார், நானே முனையை மேஜையில் அழுத்தி உடைத்தேன். ஃபின்லாந்தும் அப்படித்தான். கேட்டதாக நினைத்தேன். பட்டியலில் பெயர் இருந்ததால் கேட்டது.

ஜனவரி 19, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். "பீப் சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கம்மா" என்றாள் அங்கிருந்த பெண். முப்பத்திரண்டு வருடம் பீப் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவளிடம் சொல்கிறாள்.

உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குமிழைத் திருப்புவதும் என்னை நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தாள். திருப்பினாள், பார்த்தாள். திருப்பினாள், பார்த்தாள். என் கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது.

இரண்டு காதிலும் மேல் சுருதி பெரும்பாலும் போய்விட்டதாம், கீழேயும் குறைந்திருக்கிறதாம். மோட்டார் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றதால் இருக்கலாம் என்றார் டாக்டர். காதில் பஞ்சுகூட வைக்காமல் நின்றதில் எனக்கு அந்தக் காலத்தில் பெருமை. மெஷின் வைத்தால் பேச்சு நன்றாகப் புரியும் என்றார். இரைச்சலுக்குள் இருக்கும் பொடி மோர்ஸ் கேட்குமா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். சந்தேகம்தான் என்றார்.

வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். கோடு இடமிருந்து வலமாகப் போய், பாதியில் கிணற்றில் விழுகிறது. பம்ப் கம்பெனியில் இப்படி ஒரு கோடு வந்தால் அந்த மோட்டாரை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் குழுவில் போட்டேன். வரைபடத்தின் படமும், கீழே இதுவும்:

"11ஆம் தேதி சிக்னல் மங்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை. மற்ற மூவருக்கும் கேட்டது, மூவரும் எழுதினார்கள். நான் எழுதிய இரண்டு எழுத்தும் அப்துல் கரீம் தாளைப் பார்த்து எழுதியவை. திருமூர்த்தியின் சிலி தொடர்பு உண்மை. எனக்குக் கேட்காததால் அவருக்கும் கேட்டிருக்காது என்று முடிவுகட்டிப் புகார் எழுதினேன். அது அவதூறு. என் அக்டோபர் ஃபின்லாந்து பதிவும் தவறு, நீக்கிவிடவும். கோப்பை அவருடையது. டேட்டா பேக் என்று எழுதியவரும், அதற்குச் சிரித்த பன்னிரண்டு பேரும் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் நான் போகிறேன். வசந்தாமணி."

பத்து நிமிடத்தில் லோகநாதன் போனில். இவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, அழிச்சுருங்க. பாதிப் பேரு இன்னும் பார்க்கலை. பார்த்து எழுதுனதெல்லாம் எதுக்குங்க வெளிய சொல்லிட்டு? இத்தனை வருசம் நீங்க வாங்குன கோப்பையெல்லாம் பொய்யின்னு பேசுவாங்க."

"பேசட்டும். அவரைப் பேசினப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"உங்களுக்காகத்தானே அக்கா."

"அதைத்தான் செய்யாதீங்கன்னு சொல்றேன்" என்றேன். பிறகு ரொம்ப நேரம் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கூடி ஒரு அப்பாவியின் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள், ஆரம்பித்து வைத்தது நான்.

சாயங்காலத்துக்குள் ஆறு பேர் எனக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். திருமூர்த்தியிடம் யாரும் போனதாகத் தெரியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கிணத்துக்கடவுக்குப் போனோம். முன்னாலேயே சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவர் வேலி ஓரத்தில் இருந்தார். நூற்றைம்பது மீட்டர் கம்பியில் முக்கால்வாசி கழற்றியாகிவிட்டது. மரம் மரமாகப் போய் முடிச்சை அவிழ்த்து, கைமுட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார், வாங்க என்றார், மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தார்.

நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. உங்க மேல பழி போட்டுட்டேன். குழுவுல எல்லாத்தையும் எழுதிட்டேன். ஆனா நேர்ல சொல்லோணும்னு வந்தேன்."

அவர் கை நிற்கவில்லை. முதுகைக் காட்டியபடியே ஏதோ சொன்னார். தோள் அசைந்ததில் தெரிந்தது. நீளமாகத்தான் சொன்னார். முன்பென்றால் தலையை ஆட்டியிருப்பேன், அல்லது ஆமாங்க என்று சொல்லி வைத்திருப்பேன். எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு அப்படித் தலையாட்டியிருக்கிறேனோ.

இவர் என் காதுப் பக்கம் குனிந்து, அவர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குக் கேக்கலைங்க. இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன். அறுபத்தொரு வயதில் இதை நேருக்கு நேர் ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல்முறை.

திருமூர்த்தி கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். நடந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். கோபம் இல்லை, சத்தமாகவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமுங்கக்கா. அதுக்கு என்னை எதுக்குங்க திருடனாக்குனீங்க?"

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.